தாய்வீட்டில் பிரசவம்: சிக்கல் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எப்படி முடிவு செய்து வைப்பது?

வைகைமகள் எழுதியது:

எனக்கு இது முதல் பேறு. இப்போது 30ஆவது வாரம் நடக்கிறது. கணவருடன் சென்னையில் வசிக்கிறேன். இந்த மாத இறுதியில் வளைகாப்பு முடிந்ததும், வழக்கப்படி தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குச் செல்கிறேன். ஊருக்கு அருகிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆனால் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். இரவிலும் மழையிலும் அதைவிடக் கூடுதலாகும்.

என் இரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ். கணவருக்கு பி பாசிட்டிவ். கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. இரத்த அழுத்தம் இதுவரை சரியாகவே இருக்கிறது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை அளவு 128.

பிரசவத்திற்கு எந்தெந்தப் பொருள்களைப் பையில் எடுத்து வைக்க வேண்டும் என்று இணையத்தில் தேடினால் நூறு பட்டியல்கள் கிடைக்கின்றன. சிக்கல் ஏதேனும் வந்தால் யார், எப்போது, எங்கே கொண்டு செல்வது என்று வீட்டில் பேச்சை எடுத்தாலோ, "நல்ல நேரத்தில் வாயால் கெட்டதைச் சொல்லாதே" என்று அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுதியது:

மகளே, கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உன் அம்மா சொல்வதைக் கோபமின்றி ஏற்றுக்கொள். ஆனால் அந்தப் பேச்சைக் கைவிட்டுவிடாதே. வளைகாப்புக்கு உறவுகள் கூடும் நாளே அதற்கு ஏற்ற நாள். ஏனென்றால், வண்டி ஓட்டத் தெரிந்த தம்பி, இரத்தம் கொடுக்கக்கூடிய சித்தப்பா, இரவில் உடன் தங்கக்கூடிய அத்தை என்று உனக்குத் தேவைப்படும் அனைவரும் அன்று ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்.

எங்களுக்குப் பயிற்சியில் "மூன்று தாமதங்கள்" என்று கற்பிப்பார்கள். தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பாடம் அது. மருத்துவமனைக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதில் முதல் தாமதம், போய்ச்சேருவதில் இரண்டாவது, போய்ச்சேர்ந்த இடத்தில் உரிய சிகிச்சை தொடங்குவதில் மூன்றாவது. நான் பணியில் இருந்த காலத்தில் சாலைகள் மேம்பட்டன, 2008இல் 108 வண்டி வந்தது, இரண்டாவது தாமதம் பெருமளவு குறைந்தது. முதல் தாமதம் மட்டும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "மாப்பிள்ளை சென்னையிலிருந்து வரட்டும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்" என்ற பேச்சில் இரவு முழுவதும் கழிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எனவே உன் கணவர் இப்போதே உன் பெற்றோரை உட்கார வைத்து, "எதற்கும் என்னைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், முதலில் கிளம்புங்கள், பிறகு எனக்குச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கான சம்மதத்தை வயது வந்த பெண்ணாகிய நீயே தரலாம் என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

அடுத்தது உன் பதிவு. சென்னையில் வாங்கிய பிக்மி எண்ணே, அதாவது கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணே, ஊரிலும் செல்லும். ஆனால் எண் இருப்பதாலேயே அங்குள்ள செவிலியருக்கு நீ வருவது தெரிந்துவிடாது. கிளம்பும் முன் சென்னைச் செவிலியரிடம் சொல்லி, ஊர்ச் செவிலியரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே தாய்சேய் நல அட்டையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உன்னைக் காட்டு. தாய்வீட்டுக்கு வரும் பெண்கள் ஏழாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை எந்த ஊரின் கணக்கிலும் இல்லாமல் நழுவிப்போவது எங்கள் வேலையிலேயே பெரிய தலைவலி. இரத்த அழுத்தம் ஏறத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

ஹீமோகுளோபின் 9.2 என்பது பிரசவத்துக்குப் போதாது. 11க்குக் கீழே இருந்தாலே கர்ப்பிணிக்குச் சோகை என்று கணக்கு. 10க்குக் கீழே வந்தால் அது நடுத்தரச் சோகை. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாயா என்பதை முதலில் நீயே நேர்மையாகச் சொல்லிக்கொள். மலச்சிக்கல் வருகிறது, குமட்டுகிறது என்று பாதி மாத்திரைகள் தலையணைக்கு அடியில் கிடப்பதை நான் வீடு வீடாகக் கண்டிருக்கிறேன். காப்பி, தேநீருடன் சேர்த்து விழுங்கினாலும், கால்சியம் மாத்திரையுடன் ஒரே நேரத்தில் விழுங்கினாலும் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடு. இனி இருக்கும் வாரங்கள் குறைவு என்பதால், சிரை வழியாக இரும்புச்சத்து ஏற்றலாமா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேள்.

வைகைமகள் எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த என் கணவர் சத்தமாகச் சிரித்தார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு சந்தேகம். நெகட்டிவ் பிரிவாக இருப்பதால் ஏதோ ஊசி போட வேண்டும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். 28ஆவது வாரத்தில் அப்படி எதுவும் போடவில்லை. இப்போது காலம் கடந்துவிட்டதா?

மதுரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

காலம் கடந்துவிடவில்லை, ஆனால் நாளையே போய்க் கேட்க வேண்டிய செய்தி இது. தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கக்கூடும். குழந்தையின் இரத்த அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்தால் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தாயின் உடல் உருவாக்கிக்கொள்ளும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை அந்த எதிர்ப்பொருள்கள் சிதைத்துவிடும். உங்களுக்கு முதலில் மறைமுக கூம்ப்ஸ் பரிசோதனை செய்வார்கள். எதிர்ப்பொருள் இல்லை என்று தெரிந்தால் அது உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 300 மைக்ரோகிராம் அளவில் போடுவார்கள். 28ஆவது வாரம் என்பது வழக்கமான நேரம். தவறிவிட்டால் அதற்குப் பிறகும் போடலாம். பிரசவத்துக்குப் பின் குழந்தையின் இரத்தப் பிரிவைப் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் ஓர் ஊசி போட வேண்டும். இடையில் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, வயிற்றில் அடிபட்டாலோ அப்போதும் உடனே சொல்ல வேண்டும்.

உங்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஓ நெகட்டிவ் பிரிவினருக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் மட்டுமே ஏற்ற முடியும். நம் நாட்டில் நெகட்டிவ் பிரிவினர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர்தான். உறவினரிலும் நண்பரிலும் அந்தப் பிரிவினர் இரண்டு மூன்று பேரை இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். அவர்கள் தேனியிலோ மதுரையிலோ இருந்தால் மிகவும் நல்லது. பிரசவ நாள் நெருங்கும் வரை வேறு எங்கும் இரத்ததானம் செய்ய வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டியிருக்கும். பிரசவத்துக்கு எந்த மருத்துவமனையை முடிவு செய்கிறீர்களோ, அங்கே 36ஆவது வாரத்துக்கு முன்பே ஒருமுறை போய், இந்தப் பிரிவு இரத்தம் தங்கள் இரத்த வங்கியில் இருப்பு உண்டா என்று கேட்டு, உங்கள் அட்டையிலும் எழுதி வாங்குங்கள்.

அந்த மருத்துவமனை எது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. சோகையும் நெகட்டிவ் பிரிவும் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, 24 மணி நேரமும் அறுவைச் சிகிச்சையும் இரத்த வங்கியும் இருக்கும் சீமாங் மையமே ஏற்றது. பரிசோதனைகளை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளலாம், பிரசவம் க.விலக்கில் நடக்கட்டும். 37 வாரம் முடிந்த பிறகு தேனியிலேயோ ஆண்டிபட்டியிலேயோ உறவினர் வீட்டில் தங்க முடியுமானால், அந்த ஒரு மணி நேரப் பயணத்தைப் பற்றிய கவலையும் போய்விடும்.

நொய்யல் எழுதியது:

மருத்துவர் சொன்ன மூன்றாவது தாமதத்தைப் பற்றி—மன்னிக்கவும், அதைச் சொன்னவர் நர்ஸம்மா—என் அனுபவத்தை இங்கே எழுதி வைப்பது பிறருக்குப் பயன்படலாம். என் மனைவிக்கு ஒன்பதாம் மாதத்தில் ஒரு மாலை கடுமையான தலைவலி வந்தது. கண் முன்னே பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்றும் நெஞ்சுக்குழிக்குக் கீழே வலிக்கிறது என்றும் சொன்னாள். நாங்கள் வழக்கமாகக் காட்டிவந்த தனியார் மருத்துவமனைக்கு அரை மணி நேரத்தில் சென்றுவிட்டோம். அங்கே இரத்த அழுத்தம் 160/110 என்று பார்த்துச் சொன்ன பிறகும், பெரிய மருத்துவர் வரும் வரை காத்திருங்கள் என்று வரவேற்பறையிலேயே உட்கார வைத்தார்கள். நீண்ட நேரம் கழித்து, "இங்கே வசதி இல்லை, கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். கையில் ஒரு சீட்டுகூடக் கொடுக்கவில்லை.

அடுத்த மருத்துவமனையில் வாசலிலேயே செவிலியர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள்?" என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் என் மனைவி தாய்சேய் நல அட்டையின் ஒவ்வொரு பக்கத்தையும், ஸ்கேன் அறிக்கைகளையும் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். முந்தைய மூன்று மாத அழுத்த அளவுகளை அதிலிருந்து ஒரே பார்வையில் பார்த்த மருத்துவர் உடனே சிகிச்சையைத் தொடங்கினார். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால், ஏன் அனுப்புகிறார்கள், அழுத்தம் எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் எழுதி வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள், போகும் இடத்துக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள்.

மதுரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

நொய்யல் அவர்கள் எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த அறிகுறிகளுடன் அழுத்தம் 160/110 இருக்கும் பெண்ணை வெறுங்கையுடன் அனுப்பக் கூடாது. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தையும், வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டின் முதல் தவணையையும் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பதே நடைமுறை. அந்த முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கலாம். 'வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டுவிட்டீர்களா?' என்று குடும்பத்தினர் கேட்பதில் தவறே இல்லை. கேட்பவர்மேல் எரிந்து விழும் மருத்துவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வைகைமகள் அவர்களுக்கு: அழுத்தம் 140/90 எட்டினாலே அது கவனிக்க வேண்டிய அளவு. கால் வீக்கம் பலருக்கும் இயல்பாக வரும். முகமும் கைகளும் திடீரென வீங்கினால், மோதிரம் கழற்ற முடியாமல் இறுகினால், அன்றே அழுத்தம் பார்க்க வேண்டும்.

மரபுவழி எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் ஆபத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நம் பாட்டிமார் வீட்டிலேயே பத்துப் பிள்ளைகளைப் பெற்றார்கள். இன்று மருத்துவமனைக்குள் நுழைந்தால் வயிற்றைக் கிழிக்காமல் விடுவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. இது நோயின் கணக்கா, வணிகத்தின் கணக்கா? நல்ல உணவும் மன அமைதியும் அனுபவமுள்ள ஒரு மருத்துவச்சியும் இருந்தால் வீட்டுப் பிரசவமே சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

மதுரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

நீங்கள் தந்த எண்கள் சரியானவை. அவற்றைப் பற்றி என் துறையினர் வெட்கப்பட வேண்டும் என்பதே என் கருத்தும். அதே கணக்கெடுப்பில் அரசு மருத்துவமனைகளிலும் 36 விழுக்காடு சிசேரியன் என்று இருக்கிறது. எனவே பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வலியைப் பற்றிய அச்சம், நல்ல நாள் பார்த்து அறுக்கச் சொல்லும் குடும்பங்கள், வழக்குக்கு அஞ்சும் மருத்துவர்கள், இரவு முழுவதும் ஒரு பெண்ணின் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளப் போதிய செவிலியர் இல்லாமை என்று பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆகவே, திட்டமிட்டு அறுவை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னால், எதற்காக, இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று கேட்பது தாயின் உரிமை. பதில் பொறுமையாகக் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் அதற்கு மாற்று வீட்டுப் பிரசவம் என்பதை என்னால் ஏற்க முடியாது. பாட்டிமார் பத்துப் பெற்ற கதையைச் சொல்ல உயிரோடு இருந்தவர்கள் தப்பியவர்கள் மட்டுமே. பெற்றபோதே போனவர்களின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் காணொலி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம்பெண் இரத்தப்போக்கால் இறந்தது நம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இரத்தப்போக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுதான் முன்கூட்டியே கணிக்க முடியாதது. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பைத் தசை இறுகிக் குழாய்களை அழுத்தி மூடிக்கொள்வதால்தான் இரத்தம் நிற்கிறது. தசை இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால், குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டும். கர்ப்ப காலம் முழுவதும் எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கும் இது வரலாம். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கலாம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கருப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் ஊசியை 10 யூனிட் போடுவது இதைத் தடுக்கத்தான். இழப்பு அரை லிட்டரைத் தாண்டினால் கருப்பையைத் தேய்த்துவிடுவது, கூடுதல் ஆக்சிடோசின், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் மூன்று மணி நேரத்துக்குள், சிரை வழித் திரவம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் இரத்தத்தை அளந்து, இந்தச் சிகிச்சைகளை ஒரே நேரத்தில் தொடங்கியபோது, கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எவ்வளவு தேர்ந்தவரும் குறைத்தே மதிப்பிடுவார்கள். இந்த வேகத்தில் செயல்பட வீட்டில் யாராலும் முடியாது.

நர்ஸம்மா சோகையைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னதன் காரணமும் இதுவே. ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண் தாங்கிக்கொள்ளும் இரத்த இழப்பை 8 இருக்கும் பெண்ணால் தாங்க முடியாது.

மரபுவழி எழுதியது:

மருத்துவர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. சோகை உள்ளவருக்கு வீட்டுப் பிரசவம் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவமனைகளில் பெண்ணைத் தனியாகக் கிடத்தி, வலியில் கத்தினால் திட்டும் வழக்கம் மாறாத வரை, மக்கள் அங்கே போக அஞ்சத்தான் செய்வார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுதியது:

அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கப்போவதில்லை. பிரசவ அறையில் காதால் கேட்கக் கூசும் சொற்களை நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உடன் ஒரு துணை இருக்க வேண்டும் என்கிறேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெண் உறவினர் ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்கும் ஏற்பாடு 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. வைகைமகள், உன் துணை யார் என்று இப்போதே முடிவு செய். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகள் துடிப்பதைப் பார்த்துத் தானும் மயங்கி விழும் அம்மாக்கள் உண்டு. பிள்ளை பெற்ற அனுபவமும் நிதானமும் வாயும் உள்ள அத்தையோ அண்ணியோ நல்லது. முதுகைத் தேய்த்துவிடுவது, தண்ணீர் கொடுப்பது, எழுந்து நடக்கச் செய்வது ஆகியவற்றுடன், "இரத்தம் அதிகமாகப் போகிறதே, வந்து பாருங்கள்" என்று கூப்பிடவும் அந்த வாய் வேண்டும்.

வைகைமகள் எழுதியது:

அண்ணியிடம் கேட்டுவிட்டேன், அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆன்டி-டி ஊசிக்கான பரிசோதனையும் கொடுத்தாகிவிட்டது. இரும்புச்சத்தைச் சிரை வழியாக ஏற்ற மருத்துவர் நாள் குறித்திருக்கிறார்.

இப்போது எனக்கு இருக்கும் பெரிய குழப்பம் வலியைப் பற்றியது. வலி வந்தால் அது சூட்டு வலியாக இருக்கும், சீரகக் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாட்டி சொல்கிறார். நாள் தள்ளிப்போனால் விளக்கெண்ணெய் கொடுத்தால் வலி கண்டுவிடும் என்றும் சொல்கிறார். எந்த நிலையில் கிளம்ப வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுதியது:

சீரகக் கஷாயம் குடிப்பதில் தீங்கில்லை; அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்தான் தீங்கு. சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும். எழுந்து நடந்தாலோ படுத்தாலோ குறையும். பிரசவ வலி இடுப்பின் பின்புறத்திலிருந்து முன்னே சுற்றிக்கொண்டு வரும், நேரம் செல்லச் செல்ல இடைவெளி குறையும், ஒவ்வொன்றும் நீளும், என்ன செய்தாலும் ஓயாது. மருத்துவமனைக்கு அருகில் இருப்பவர்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்தால் கிளம்பச் சொல்வார்கள். வருசநாட்டில் இருக்கும் உனக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரத் தொடங்கினாலே கிளம்பிவிடு. போய்ப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. 37 வாரம் முடியும் முன்பே இப்படி ஒழுங்கான வலி வந்தால் கஷாயத்துக்கும் இடமில்லை. குறைமாதப் பிரசவமாக இருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசியைத் தாய்க்குப் போட மருத்துவருக்கு நேரம் கிடைக்க வேண்டும்.

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் உண்டாகி, வலி வரும் நேரத்தில் உடலில் தெம்பும் நீரும் இல்லாமல் போகும். நாள் தள்ளிப்போனால் வலி வரவழைப்பது மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை.

வலியே இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டிய நிலைகள் உண்டு. பனிக்குடம் உடைந்தால் மணியைக் குறித்துக்கொள், சுத்தமான துணியை வைத்துக்கொள், நீரின் நிறத்தைப் பார். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். வண்டியில் ஏறும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடு. நீருடன் தொப்புள்கொடி வெளியே வந்தால் அதைத் தொட்டு உள்ளே தள்ள முயலக் கூடாது. முழங்காலிட்டுக் குனிந்து, மார்பு தரையைத் தொட, இடுப்பு உயர்ந்திருக்கும்படி இருந்துகொண்டு 108ஐ அழைக்க வேண்டும். மிக அரிதாக நடப்பது இது. ஆனால் தெரியாதவர்கள் வீட்டில் அந்த நிமிடங்கள் கூச்சலிலேயே போய்விடுகின்றன. சளிபோன்ற கசிவில் இரத்தக் கோடு தெரிவது இயல்பு; இரத்தமாகவே போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே கிளம்பு.

குழந்தையின் அசைவு இன்னொன்று. சாப்பிட்ட பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பார். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்பது பொதுவான கணக்கு. உன் குழந்தையின் வழக்கம் உனக்குத்தான் தெரியும். வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று உனக்குத் தோன்றினாலே அன்றே போய்க் காட்டு, மறுநாள் வரை பொறுக்காதே. "கடைசி மாதத்தில் இடம் போதாது, அதனால் குழந்தை அசையாது" என்று பாட்டி மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்வார்கள், அது தவறு.

இருபிள்ளைத்தாய் எழுதியது:

எல்லோரும் பிரசவத்தோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்குத் தொல்லை வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, குறைந்துவந்த இரத்தப்போக்கு திடீரென்று கூடியது. நல்ல கனமான பேடு ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் நனைந்தது. எலுமிச்சை அளவில் கட்டிகள் விழுந்தன. "அழுக்கு இரத்தம் போகட்டும், போனால்தான் வயிறு சுத்தமாகும்" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். நல்லவேளையாக என் மாமியார் அதைக் காதில் வாங்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டார். நஞ்சின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருந்தது. அதை எடுத்த பிறகே நின்றது. நாற்றமுள்ள கசிவு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு வாங்குதல் ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, வெறும் பூண்டுக் குழம்பும் சோறுமாகப் போடுவதை ஏற்காதீர்கள். பூண்டு வேண்டுமானால் இருக்கட்டும். அதோடு முட்டை, மீன், கீரை, பருப்பு எல்லாம் வேண்டும். பால் கொடுப்பவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீரும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாள்கள் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. அது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, அதை மசக்கைபோல் தானாகப் போகும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மதுரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

மிகச் சரியாகச் சொன்னீர்கள். இரத்த அழுத்தமும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரத்தில் ஏறக்கூடும். கர்ப்ப காலத்தில் இயல்பாக இருந்தவர்களுக்கும் அப்போது வலிப்பு வருவதுண்டு. எனவே கடும் தலைவலியும் பார்வை மங்கலும் பிள்ளை பெற்ற பிறகும் ஆபத்து அறிகுறிகளே. பாலூட்டும் களைப்பு, உறக்கக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது.

நொய்யல் எழுதியது:

செலவைப் பற்றி ஒரு வரி. 2011இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்பட பிரசவம், மருந்து, இரத்தம், உணவு, வீடு திரும்ப வாகனம் எல்லாம் இலவசம். இருந்தாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பக்கம் கைப்பேசியில் பணம் அனுப்பச் சிக்னல் கிடைக்காது. அதே காரணத்தால் வண்டிக்காரர், செவிலியர், இரத்தம் கொடுப்போர் ஆகியோரின் எண்களைக் காகிதத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். 108 வர நேரமானால் இரவிலும் வரக்கூடிய வண்டி உரிமையாளர்கள் இரண்டு பேரிடம் முன்பே பேசி வையுங்கள். ஒருவர் சபரிமலைக்குச் சவாரி போயிருக்கக்கூடும்.

வைகைமகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நொய்யல் அண்ணா சொன்னபடி எண்களைத் தாளில் எழுதிவிட்டேன். ஓ நெகட்டிவ் பிரிவில் தேனியில் ஒருவரும் உசிலம்பட்டியில் ஒருவரும் கிடைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் கணவரே பேசினார். 37 வாரத்துக்குப் பிறகு ஆண்டிபட்டியில் பெரியப்பா வீட்டில் தங்குவது என்று முடிவாகியிருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை; "என் வீட்டில் இருக்க வேண்டியவள்" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: சென்னையிலிருந்து ஊருக்குக் காரில் போவதா, ரயிலில் போவதா?

மதுரை மகப்பேறு மருத்துவர் எழுதியது:

32 வாரத்தில் இரண்டுமே செய்யலாம். இரத்தப்போக்கோ, நஞ்சு கீழே இறங்கியிருப்பதோ, குறைமாத வலியோ இல்லை என்று உங்கள் மருத்துவர் உறுதி செய்தால் போதும். எனக்கு விருப்பம் ரயில்தான், ஏனெனில் எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது. போடிநாயக்கனூர் ரயிலில் தேனியில் இறங்கலாம். அது எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால் இல்லாத நாளில் மதுரையில் இறங்கி அங்கிருந்து வண்டி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. மருத்துவச் சான்றுடன் முன்பதிவு நிலையத்தில் கேளுங்கள். காரில்தான் போவது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள், இருக்கைப் பட்டையின் கீழ்ப்பகுதியை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். தாய்சேய் நல அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.